மணிலா மூட்டையும் உலகத் தரமும்: சான்றிதழ் வாங்குமுன் நம் உற்பத்தியாளர்கள் அறிய வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலையைப் பேச்சில் அப்படிச் சொல்பவர் குறைவு. மணிலா என்போம், கிராமங்களில் மல்லாட்டை என்பார்கள். இந்தப் பயிருக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1940இல் வெளியாகி இந்தியாவின் பல மாநிலங்களில் விதைக்கப்பட்ட டி.எம்.வி. 2 என்ற ரகத்தின் பெயரிலுள்ள எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இன்றும் திண்டிவனத்தில்தான் இயங்குகிறது. நிலக்கடலையிலும் எள்ளிலும் டி.எம்.வி. என்ற பெயர் தாங்கிய ரகங்கள் அங்கிருந்து வந்தவையே.

விதையில் இவ்வளவு பெயர் பெற்ற ஊரின் சரக்கு, அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது? இந்திய நிலக்கடலையை அதிகமாக வாங்கும் நாடுகளில் முன்னணியில் இருப்பது இந்தோனேசியா. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று. அந்த நாடு 2025 செப்டம்பரில் இந்திய நிலக்கடலை இறக்குமதியை நிறுத்திவைத்தது. காரணம், அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு. ஒரு நாடு இப்படிக் கதவைச் சாத்தும்போது, தவறு செய்த ஏற்றுமதியாளரோடு, ஒழுங்காகக் காயவைத்து விற்ற விவசாயியும் சேர்ந்தே நஷ்டப்படுகிறார்.

நம் ஜமாஅத்துகளில் எண்ணெய்ச் செக்கு, கடலை மிட்டாய், மிக்சர், மசாலாப் பொடி, பிரியாணி மசாலா என்று தொழில் செய்யும் குடும்பங்கள் பல. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா அமைந்துள்ள இந்தக் காலத்தில், ‘எங்களுக்கும் ஏற்றுமதிச் சான்றிதழ் வேண்டும், எது வாங்கலாம்?’ என்று கேட்கும் இளைஞர்கள் பெருகியுள்ளனர். சான்றிதழ் விற்க வரும் இடைத்தரகர்களும் பெருகியுள்ளனர். ஆகவே, உலகச் சந்தையில் நிலைத்து நிற்கும் உற்பத்தியாளர்கள் இந்தத் தரங்களை எந்த வரிசையில், என்ன கணக்கோடு அணுகுகிறார்கள் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நான்கு சொற்கள், நான்கு வேலைகள்

இந்தத் துறையில் குழப்பம் சொற்களிலிருந்தே தொடங்குகிறது.

தரம் என்பது எழுதிவைத்த அளவுகோல். ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்லும். உணவுக்கு உலக அளவில் கோடெக்ஸ் என்ற அமைப்பு இதை வகுக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963இல் தொடங்கியது அது. பொதுவான தொழில் தரங்களை 1947இல் தொடங்கிய ஐ.எஸ்.ஓ. வெளியிடுகிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்த வேலையைச் செய்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை அதனுடையது.

சட்டவிதி என்பது ஒரு நாட்டு அரசு கட்டாயமாக்கியது. தரத்தைப் பின்பற்றுவது பல இடங்களில் விருப்பம். சட்டவிதியை மீறினால் சரக்கு திரும்பி வரும், அல்லது அங்கேயே அழிக்கப்படும். நம் நாட்டில் உணவுத் தொழில் செய்பவர் ஒவ்வொருவரும் பெற வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இந்த வகையைச் சேர்ந்தது.

சான்றிதழ் என்பது, நீங்கள் அந்த அளவுகோலின்படி நடக்கிறீர்கள் என்று மூன்றாவது ஒருவர் பார்த்துச் சொல்வது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானே யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தனி நிறுவனங்கள்தாம் கொடுக்கின்றன. ‘ஐ.எஸ்.ஓ.வே நேரடியாகத் தரும் சான்று’ என்று யாராவது விற்க வந்தால், அந்த ஒரு வார்த்தையே அவரை அடையாளம் காட்டிவிடும்.

அங்கீகாரம் என்பது, சான்றளிக்கும் நிறுவனத்துக்கே தகுதி உண்டு என்று சொல்லும் சான்று. இந்தியாவில் சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு என்.ஏ.பி.சி.பி.யும், சோதனைக்கூடங்களுக்கு என்.ஏ.பி.எல்.லும் இந்த அங்கீகாரத்தைத் தருகின்றன. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஹதீஸின் வாசகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அறிவித்தவர் நம்பத்தக்கவரா என்று பார்த்துத்தானே ஏற்கிறோம்? சான்றிதழுக்கும் ஸனது உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

குவியலுக்குள் இருந்த ஈரம்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஓர் உணவுக் குவியலுக்குள் கையை விட்டு, விரலில் ஈரம் பட்டதும் வியாபாரியிடம் விசாரித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள்.

ஜும்ஆ பயான்களில் நாம் அடிக்கடி கேட்ட செய்திதான். மணிலா வியாபாரத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது. இன்றைய அதிகாரியும் மூட்டைக்குள் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, அதே ஈரத்தைத்தான் முதலில் அளக்கிறார்.

அஃப்ளடாக்ஸின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. காரணம் தேடியபோது தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. கல்லீரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பின்னர் உறுதியானது. வறுத்தாலும் இது முழுமையாக அழியாது. உள்ளே வந்தபின் போக்குவது கடினம் என்பதால், வராமல் தடுப்பதே வழி.

எப்படி வருகிறது? நிலத்திலேயே வரலாம், காய் முற்றும் நேரத்தில் வறட்சி வாட்டினால் பூஞ்சை புகும். அறுவடைக்குப்பின் வருவது ஈரத்தால். ஆடிப்பட்டத்தில் விதைத்த மணிலா பிடுங்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பகுதி நம்முடையது. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் காயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இது வானத்திலிருந்து வரும் ஈரம். மனிதர் சேர்க்கும் ஈரமும் உண்டு. மணிலா உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின்மீது தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இந்தியாவில் பரவலாக இருக்கிறது. முழுப் பருப்பு அதிகம் கிடைக்கும். எடையும் கொஞ்சம் கூடும். அதன்பின் சரியாகக் காயவைக்காமல் சாக்கில் கட்டினால், பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். அளவில் குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் 83ஆவது அத்தியாயத்தை ஓதுகிறோம். தண்ணீரை எடையாக்கி விற்பதும் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தம் மனத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கோடெக்ஸ் தரத்தின்படி பருப்பில் ஈரம் 9 சதவீதத்தையும், காயில் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கையடக்க ஈரமானி ஒன்றும், தார்ப்பாய் விரித்த களமும், சாக்கு தரையில் படாமல் அடுக்கும் மரப்பலகையும் எந்தச் சான்றிதழுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை.

முதலில் சந்தை, பிறகு தரம்

பெரிய உற்பத்தியாளர்கள் எல்லாச் சான்றிதழையும் வாங்கிச் சுவரில் மாட்டுவதில்லை. யாருக்கு விற்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். அந்த நாடு கேட்கும் அளவை எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி வயல்வரை வருகிறார்கள்.

நாட்டுக்கு நாடு அளவு எவ்வளவு மாறும் என்பதற்கு மணிலாவே சாட்சி. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் நிலக்கடலையில் மொத்த அஃப்ளடாக்ஸின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ். ஐரோப்பிய ஒன்றியமும் தரம் பிரிக்கப்பட வேண்டிய பருப்புக்கு அதே 15 என்கிறது. ஆனால் நேரடியாக உண்ணப்போகும் கடலைக்கு அங்கே 4 மைக்ரோகிராம்தான். அதிலும் பி1 என்ற கொடிய வகை 2ஐத் தாண்டக் கூடாது. ஆக, மூட்டையில் பருப்பாக அனுப்புவதா, வறுத்துப் பாக்கெட்டில் அனுப்புவதா என்ற வியாபார முடிவே எந்த அளவுகோல் உங்கள் தலைமேல் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எள் இன்னொரு பாடம். எள்ளில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. அதைக் கொல்ல எத்திலீன் ஆக்ஸைடு வாயுவைப் பயன்படுத்துவது ஒரு வழி. அமெரிக்கா எள்ளில் அதன் எச்சத்தைக் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையோ 0.05 மில்லிகிராம். 2020 செப்டம்பரில் பெல்ஜியம் இந்திய எள்ளில் இதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் ஐரோப்பா முழுவதும் எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கட் உட்பட ஏராளமான பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் செல்லும் முறை ஐரோப்பாவில் செல்லவில்லை. நீராவியால் கிருமி நீக்குவதற்கு முதலீடு அதிகம். ஆனால் அந்தச் சரக்கை இரண்டு சந்தைக்கும் அனுப்பலாம்.

இங்கே உற்பத்தியாளர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. மிகக் கடுமையான நாட்டின் அளவுக்கே மொத்த உற்பத்தியையும் உயர்த்துவது ஒன்று. செலவு கூடும், ஆனால் எந்த ஆர்டருக்கும் தயாராக இருக்கலாம். சந்தைக்கு ஒன்றாகப் பிரித்துத் தயாரிப்பது மற்றொன்று. செலவு குறையும், ஆனால் மூட்டை மாறிப்போகும் ஆபத்து எப்போதும் உண்டு. சிறு ஆலைகளுக்கு முதல் வழியே பாதுகாப்பானது என்பது நம் கருத்து. ஒரே கிடங்கில் இரண்டு தரம் வைத்தால், அவசரத்தில் எந்தச் சாக்கு எந்த லாரியில் ஏறும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஒரு வேலையும் உண்டு. அதைத் தொலைநோக்குள்ளவர்கள் மட்டுமே செய்கிறார்கள். விதி வந்தபின் ஓடாமல், வரும் முன்பே அறிவது. உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் புதிய தொழில்நுட்ப விதிகளை முன்கூட்டி அறிவித்து, கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அறிவிப்புகளை இலவசமாக மின்னஞ்சலில் அனுப்ப ஈ-பிங் என்ற சேவை இருக்கிறது. பட்டம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

ஹலால் சான்றிதழ்: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

இந்தோனேசியா 2014இல் ஹலால் பொருள் உறுதிச் சட்டத்தை (சட்ட எண் 33) இயற்றியது. உணவு, பானங்களுக்கான கட்டாயம் அந்நாட்டின் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பொருள்களுக்கு 2026 அக்டோபர் 17 கடைசி வரம்பாக வைக்கப்பட்டது. இதைக் காட்டி, ‘இனி எல்லாவற்றுக்கும் ஹலால் முத்திரை வேண்டும்’ என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

மார்க்கத்தின் அடிப்படை விதி என்ன? தடை வராதவரை பொருள்கள் ஆகுமானவை. பச்சை மணிலா, எள், அரிசி, பருப்பு ஆகியவை ஹலால் என்பதற்கு எவருடைய முத்திரையும் தேவையில்லை. இந்தோனேசியாவே பதப்படுத்தாத தாவரப் பொருள்களுக்கு விலக்குப் பட்டியல் வைத்துள்ளது. மணிலாவும் வெல்லமும் மட்டும் சேர்ந்த மிட்டாயில் ஐயத்துக்கு இடமில்லை. அதில் வாசனைச் சாறு, பளபளப்புப் பூச்சு, ஜெலட்டின், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரக்கூடிய ஈ471 போன்ற சேர்மானம் ஏதாவது நுழையும்போதுதான் கேள்வி எழுகிறது. அப்போது சான்று அவசியம். தேவையில்லாத முத்திரைக்குப் பணம் கொட்டுவது வீண்விரயம். தேவையுள்ள இடத்தில் அலட்சியமாக இருப்பது அமானிதத்தில் செய்யும் குறை.

சேர்மானம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு இந்தோனேசியாவில் நடந்ததே உதாரணம். அஜினோமோட்டோ நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு ஹலால் சான்று இருந்தது. நுண்ணுயிரை வளர்க்கும் ஊட்டப்பொருளை நிறுவனம் இடையில் மாற்றியது. புதிய ஊட்டப்பொருளின் தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. 2001 தொடக்கத்தில் இது பெரும் பிரச்சினையாகி, சந்தையிலிருந்த சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இறுதிப் பொருளில் அதன் சுவடு இல்லை என்ற வாதத்தை அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ஏற்றார். அந்நாட்டு உலமா சபை ஏற்கவில்லை.

இந்தக் கருத்து வேறுபாட்டுக்குப் பின்னால் ஃபிக்ஹின் பழைய மஸ்அலா ஒன்று இருக்கிறது. அசுத்தப் பொருள் வேறொன்றாக முழுமையாக மாறிவிட்டால் தூய்மையாகுமா என்ற இஸ்திஹாலாச் சட்டம் அது. ஹனஃபி மத்ஹபில் இதற்கு இடம் விரிவு. ஷாஃபிஈ மத்ஹபில் குறுகல். இந்தோனேசியாவும் மலேசியாவும் ஷாஃபிஈ மரபைச் சேர்ந்தவை. நம் உள்ளூர் ஆலிம் ஆகுமென்று சொன்னது அங்கே ஏற்கப்படாமல் போகலாம். யாருடைய மேசைக்கு உணவு போகிறதோ, அவர்களுடைய அளவுகோலைக் கேட்டுச் செய்வதே முறை. சான்று பெற்றபின் ஒரு சேர்மானத்தை மாற்றினால், சிறியதாயினும் சான்றளித்தவருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இறைச்சிக்கு நம் நாட்டிலேயே தனி நடைமுறை வந்துவிட்டது. குறிப்பிட்ட நாடுகளுக்கு ஹலால் என்று குறித்து இறைச்சிப் பொருள்களை அனுப்ப, இந்தியத் தரக் கவுன்சிலின் ஐ-காஸ் ஹலால் திட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்று வேண்டும்.

திருமறை உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது (2:168). பூஞ்சை பிடித்த மணிலா முதல் நிபந்தனையைக் கடந்துவிடும், இரண்டாவதில் நின்றுவிடும். ஹலால் முத்திரையைத் தேடும் நம் உற்பத்தியாளர்கள் ஈரமானியையும் அதே அக்கறையோடு தேட வேண்டியது இதனால்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர் கற்றுத்தந்தது

உலகத் தரத்தின் அடியை முதலில் வாங்கி, முதலில் எழுந்து நின்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில் தோல் தொழில். 1989 டிசம்பரில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை வராமல் தடுக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்துக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. அடுத்து 1994இல் சிலவகை அஸோ சாயங்களுக்குத் தடை வந்தது.

தனித்தனியாக ஒரு தோல் பதனிடுபவர் இதை எதிர்கொண்டிருக்க முடியாது. மாற்று ரசாயனம் எது, எங்கே சோதிப்பது, வாங்குபவரிடம் எப்படி நிரூபிப்பது என்ற எல்லாவற்றுக்கும் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் துணை நின்றது. தொழிற்சங்கங்கள் சேர்ந்து நின்றன. ரசாயனம் விற்ற நிறுவனங்களும் மாற வேண்டியிருந்தது. தொழில் பிழைத்தது. விதிகளும் நிற்கவில்லை, 2015 மே முதல் ஆறிணைய குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற எல்லையை ஐரோப்பா கொண்டுவந்தது. ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்று இந்தத் துறையில் யாரும் உட்கார முடியாது.

அவர்களுக்கு அடையாறு இருந்தது போல, நமக்குத் திண்டிவனத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் வாசலை எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

செய்ய வேண்டிய வரிசை

ஒன்று: ஒரு பொருள், ஒரு நாடு என்று தொடங்குங்கள். வாங்குபவரிடம் அவர் கேட்கும் தரத்தை எழுத்தில் பெறுங்கள்.

இரண்டு: அங்கீகாரம் பெற்ற கூடத்தில் இப்போதைய சரக்கைச் சோதித்துப் பாருங்கள். அஃப்ளடாக்ஸின் ஒரு மூட்டையில் சில பருப்புகளில் மட்டுமே குவிந்திருக்கும். மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் உண்மை தெரியாது. பல இடங்களிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும்.

மூன்று: குறையைச் சரிசெய்யுங்கள். காயவைத்தல், சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி நீக்குதல், கிடங்குச் சுத்தம் ஆகியவை முதலில்.

நான்கு: பதிவேடு வையுங்கள். எந்த ஊர், யார் வயல், எந்தத் தேதி, எவ்வளவு ஈரம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத வேண்டும். நிலக்கடலை ஏற்றுமதிக்கு அபெடா நடத்தும் பீநட்.நெட் என்ற தடமறிதல் முறையும் இதையே கேட்கிறது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்த நமக்குப் பதிவேடு பாரமாகக் கூடாது.

ஐந்து: அதன்பின் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கு ஹசாப் முறையும் ஐ.எஸ்.ஓ. 22000 தரமும் பரவலானவை. இவை வேலை செய்யும் முறைக்குத் தரும் சான்றுகள். ஒவ்வொரு பாக்கெட்டும் சுத்தம் என்ற உத்தரவாதமாக இவற்றை விளம்பரம் செய்யக் கூடாது.

ஆறு: தனியாகச் செலவு தாங்காவிட்டால் சேர்ந்து செய்யுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்தால் உலர்களம், நிறம் பிரிக்கும் இயந்திரம், சோதனைச் செலவு ஆகியவற்றைப் பகிரலாம். குறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. வங்கிக் கடனோடு இணைந்தது அது. வட்டி பற்றிய கேள்வி உள்ளவர்கள் விண்ணப்பிக்குமுன் தம் ஆலிம்களிடம் கலந்து பேசிக்கொள்ளவும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் சான்றிதழை வாங்கிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் என்ன ஆகும்? முதல் கப்பல் போகலாம். இரண்டாவதும் போகலாம். ஒருநாள் துறைமுகத்தில் மூட்டைக்குள் ஊசி இறங்கும். அன்று காகிதம் பேசாது, பருப்புதான் பேசும்.

நபியவர்கள் கை வைத்த குவியல் இன்று கண்டெய்னராக மாறியிருக்கிறது. கை வைப்பவரும் அவரது மொழியும் நாடும் வேறு. கேட்கப்படும் கேள்வி மட்டும் அதேதான்: உள்ளே இருப்பதை ஏன் மேலே காட்டவில்லை? அந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்லும்படி நம் தொழிலை அமைத்துக்கொள்ள அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. நம் உழைப்பில் பரக்கத்தை இறக்குவானாக. ஆமீன்.